தன்னை எண்ணாத கண்டக்டர்

ஊராட்சிக் கூட்டத்துக்கு முதலில் வருபவை நாற்காலிகள். அடுத்து வருபவர் கண்டக்டர்.

ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் ஊருக்கு அவர் கண்டக்டர்தான். முப்பத்தோரு வருஷம் பேருந்தில் தலை எண்ணியவர். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், கண் தானாக எண்ணத் தொடங்கிவிடும். சலூனில் எண்ணுவார், ஆஸ்பத்திரியில் எண்ணுவார். அந்தப் பழக்கத்துக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் ஊராட்சிக் கூடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம். ஐம்பது பேர் இருந்தால்தான் தீர்மானம் செல்லும். வாசற்படிக்கு உள்ளே இருப்பவர்தான் கணக்கு. வெளியே நின்று எட்டிப் பார்ப்பவருக்குக் கணக்கில் இடமில்லை. கை தூக்கச் சொல்வதற்கு முன்னால் தலைவர் மைக்கைத் தட்டி, "கண்டக்டரே, பாத்துச் சொல்லுங்க" என்பார். இவர் எழுந்து, பின்வரிசையிலிருந்து கண்ணாலேயே எண்ணிக்கொண்டு வந்து எண்ணைச் சொல்வார். தலைவர் உடனே அதில் ஒன்றைக் கூட்டிக்கொள்வார். பேருந்தில் டிரைவரும் கண்டக்டரும் ஆள் கணக்கில் சேர்த்தியில்லை. ஆறு வருஷமாகியும் அவருக்குத் தன்னை எண்ண வரவில்லை.

கூட்டத்தில் அவர் கருத்துச் சொன்னதே கிடையாது. பார்ப்பார், அவ்வளவுதான். பார்ப்பதற்கு நிறைய இருந்தது. செயலாளர் போன கூட்டத்து முடிவுகளை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர் குடிப்பார். மேலத்தெருக்காரரும் கீழத்தெருக்காரரும் சாக்கடைக்காகத் தொண்டை கிழியக் கத்துவார்கள்; முடிந்ததும் ஒரே ஸ்கூட்டரில் ஏறிப் போவார்கள், இருவரும் மாமன் மச்சான். நிறையப் பேசுகிறவர் எப்போதும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். கையெழுத்துப் போட்ட கையோடு நழுவப் பார்க்கிறவர்கள் வாசல் பக்கம். அவர்களைக் கண்டக்டர், படியில் தொங்குகிறவர்கள் என்பார். அவர்களில் மூத்தவர் பால்காரர்.

"உள்ள போங்க, உள்ள எவ்வளவு இடம் இருக்கு!"

"அடுத்த ஸ்டாப்புல இறங்கணும் கண்டக்டரே, விடுங்க."

கண்டக்டரின் மனைவி தையல்காரி, ஊருக்குத் தையலக்கா. அவள் கூட்டத்துப் பக்கமே போனதில்லை. "உங்க ஊர்ப் பஞ்சாயத்தைக் கேக்கறதுக்கு என் மிஷின் சத்தமே தேவலை" என்பாள். வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலுக்கு நேர் எதிரே பேருந்து நிறுத்தம். காலையில் பேருந்து ஏறுகிறவர்கள் கிழிந்ததையும் பிரிந்ததையும் ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் இறங்கும்போது வாங்கிக்கொள்வார்கள். நிறுத்தம் இருக்கிறவரைக்கும் கடை. அவளுக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த நிறுத்தத்தைத்தான் பள்ளிக்கூட வாசலுக்கு மாற்ற வேண்டும் என்று தலைமையாசிரியை மனுக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறதாம். இந்த மாதத்துக்குள் ஊராட்சித் தீர்மானம் வந்து சேராவிட்டால் இந்த வருஷம் மாற்ற முடியாது என்று பேருந்து அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது.

கூட்டத்தன்று காலையில் தையலக்கா மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"ஏங்க, நீங்க எழுந்து ஒரு வார்த்தை பேச மாட்டீங்க, எனக்குத் தெரியும். இன்னிக்கு மட்டும் போகாம இருங்களேன்."

"நான் போகலைன்னா யாரு எண்ணுவா?"

"நல்லா இருக்கு! ஊரு தலையை எண்ணி எண்ணி நம்ம தலையில மண்ணைப் போடுங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நல்ல வெயில். கூட்டம் மெலிந்திருந்தது. தையலக்கா மனசு கேட்காமல் பின்னாலேயே வந்தவள், வாசலுக்கு வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமையாசிரியை பேசி உட்கார்ந்தார். தலைவர் மைக்கைத் தட்டினார்.

கண்டக்டர் எழுந்து எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"நாப்பத்தெட்டு."

"உங்களோட நாப்பத்தொன்பது," என்றார் தலைவர். "ஒண்ணு குறையுதே!"

செயலாளர் பேனாவை மூடினார். கண்டக்டருக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. கூட்டம் கலையப் போகிற நேரத்தில் பால்காரர் வாயைத் திறந்தார்.

"குறையாம என்ன செய்யும்? எண்ணுறது யாரு, கடை யாரோடது? ரெண்டு தலையை முழுங்கியிருப்பாரு!"

அவ்வளவுதான். வெளியே நின்ற தையலக்கா விடுவிடுவென்று உள்ளே வந்தாள்.

"யாரைச் சொல்றீங்க? முப்பத்தோரு வருஷத்துல ஒரு தலையைத் தப்பா எண்ணினதில்ல இவரு. உங்க பால்ல எவ்வளவு தண்ணின்னு நான் எப்பவாவது கேட்டிருக்கேனா?"

கூடம் சிரித்து அடங்கியது. அடங்கிய பிறகுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. தையலக்கா வாசற்படிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். தலைவர் கண்டக்டரைப் பார்த்தார். ஊரே கண்டக்டரைப் பார்த்தது. தையலக்காவும் பார்த்தாள், அவளுக்குத்தான் கடைசியாக விளங்கியது. ஒரு கால் தானாகப் பின்னால் போனது.

கண்டக்டர் அவளையே பார்த்தபடி, மெதுவாக, "நாப்பத்தொன்பது," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரும் கேட்காமலே, "என்னோட அம்பது" என்றார்.

தையலக்கா அருகிலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். தலைமையாசிரியை அவள் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார்.

"அக்கா, நாள் பூரா அந்த ஜன்னல்ல இருக்கறது நீங்கதான். நான் சொன்னது பொய்யா, நீங்களே சொல்லுங்க."

தையலக்கா முந்தானையின் ஓரத்தைத் திருகினாள். பொய் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வரவில்லை.

"போன வாரம் ஒரு சின்னப் பொண்ணோட பை நடு ரோட்டுல கெடந்துச்சு. லாரி அதுமேல ஏறிப் போகுது. பொண்ணு எங்கேன்னு தெரியல. குண்டூசியை வாயில கவ்விக்கிட்டே ஓடினேன். அந்தப் பக்கம் நின்னு அழுதுக்கிட்டிருந்துச்சு." முந்தானையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? எடுத்துட்டுப் போங்க உங்க நிறுத்தத்தை!"

கைகள் உயர்ந்தன. எதிர்த்துத் தூக்கியது ஒரே ஒரு கை. அது கண்டக்டருடையது.

வீட்டுக்குப் போகும் வழியில் பாதித் தூரத்தில் அவள் கேட்டாள்.

"நானே விட்டுக் குடுத்துட்டேன். நீங்க எதுக்குக் கையைத் தூக்கினீங்க?"

"உனக்காகத்தான்."

"எனக்காகன்னா என்னை எண்ணாம இருந்திருக்கணும்."

கொஞ்ச தூரம் போனதும் அவளே, "இருந்திருந்தா வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டேன், அது வேற" என்றாள்.

நிறுத்தம் மாறியது. ஒரு வாரம் மிஷின் அரை மனசோடு ஓடியது. எட்டாம் நாள் தையலக்கா பரணிலிருந்து அவருடைய பழைய தோல் பையை இறக்கித் தூசி தட்டினாள். அன்று முதல் காலையும் மாலையும் கண்டக்டர் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார். பேருந்து ஏறுகிறவர்களிடம் கிழிந்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்; இறங்குகிறவர்களுக்குத் தைத்ததைக் கொடுக்கிறார். "ரிட்டயர் ஆனவரை மறுபடி டியூட்டியில போட்டுட்டாங்க" என்று ஊர் சிரிக்கிறது. அவர் மறுப்பதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவருக்கு முன்பே தையலக்கா வந்துவிட்டாள். மடித்த காகிதம் ஒன்று கையில்: புது நிறுத்தத்துக்கு ஒரு கூரை, உட்கார ஒரு பெஞ்சு. வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, குறுக்கே காலை நீட்டிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிய பால்காரர் அந்தக் காலைப் பார்த்து நின்றார்.

"கொஞ்சம் வழி விடுங்கக்கா."

"உள்ள போங்க," என்றாள் தையலக்கா. "உள்ள எவ்வளவு இடம் இருக்கு!"