கலசநீர் குடித்த இன்ஜின்

திருக்காட்டுப்பள்ளிக்கு வெளியே, காலனித் தெரு தொடங்கும் இடத்தில் கயல்விழியின் கார் பட்டறை இருக்கிறது. முப்பத்தெட்டு வயது. ஆட்டோமொபைல் டிப்ளமோ, சென்னை சர்வீஸ் சென்டரில் ஒன்பது வருட வேலை, சொந்தமாக ஒரு ஸ்கேனர். இத்தனை இருந்தும் மேலத்தெரு ரெங்கசாமிக்கு அவள் “நம்ம வயல்ல நாத்துக்கட்டு தூக்குன இராஜாங்கத்தோட பொண்ணு”. அதற்கு மேல் எதுவும் அவர் மண்டையில் ஏறாது.

இரண்டு வருடம் முன்பு அவர் டிராக்டரைச் சரிசெய்ய அந்த வீட்டுக்குப் போனாள். கொல்லைப்புறமாக வரச் சொன்னார்கள். தாகத்துக்குக் கேட்டபோது டிரைவர் காத்தானுக்கு எவர்சில்வர் டம்ளர், இவளுக்குப் பேப்பர் கப். அப்பா காலத்துக் கொட்டாங்குச்சி இப்போது பேப்பராகிக் கடையில் நூறு நூறாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான் நாகரிகம். அன்றே முடிவு செய்தாள்: இனி அந்த வீட்டு வண்டி எதுவானாலும் இந்தத் தெருவுக்கு வர வேண்டும். வண்டிக்குச் சொந்தக்காரரும் கூடவே வர வேண்டும். சாமி தேரே திரும்பாத தெரு இது.

இந்த வருடம் ஆயுதபூஜைக்கு மறுநாள் ரெங்கசாமியின் டர்போ கார் மக்கர் செய்தது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்து டர்போ காற்றைத் திணிக்கும்போது இன்ஜின் விக்கியது, மஞ்சள் விளக்கு மினுக்கியது. பட்டதாரி மனிதர் செய்த முதல் வைத்தியம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அடுத்தது ஜோசியர். வண்டிக்கு ஏழரைச் சனியாம். சிலிண்டர் எத்தனை என்று சனிக்குத் தெரியுமா என யாரும் கேட்கவில்லை.

கம்பெனி சர்வீஸில் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். மூன்றாம் நாள் சீர்காழிச் சம்பந்தி வீட்டு வாசலில் இதே காரில் போய் இறங்கியாக வேண்டும். கயல்விழிக்குப் போன் செய்தார்.

“வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போ.”

“வண்டிய இங்க கொண்டாங்க. நீங்களும் வாங்க. என்ன செஞ்சீங்கன்னு கேட்டாத்தான் பாக்க முடியும்.”

“அந்தத் தெருவுக்கா?”

“ஆமாங்க. தார் ரோடுதான்.”

வந்தார். போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

மூன்றாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றது ஸ்கேனர். அதன் மேலிருந்த, பிளக்குக்குக் கரண்டு தரும் காயிலைக் கழற்றி முதலாவதோடு மாற்றி மாட்டி, காத்தானோடு கல்லணை ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டினாள். இப்போது முதல் சிலிண்டர் விக்கியது. காயில்தான் கெட்டிருக்கிறது. ஆனால் ஏன்? பிளக் உட்காரும் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். அடியில் மஞ்சள் தண்ணீர். ஒரு துளசி இலை மிதந்தது.

“இன்ஜின்ல யாருங்க தண்ணி ஊத்துனது?”

காத்தானால் அடக்க முடியவில்லை. “ஆயுதபூசையில குருக்கள் கலசத்தண்ணிய அப்படியே கவுத்துட்டாருக்கா. மேல் மூடியக் கழட்டிக் காட்டுடான்னு இவருதான் சொன்னாரு!”

“அது புனித நீருடா,” என்றார் ரெங்கசாமி.

“கரண்டுக்கு அதெல்லாம் தெரியாதுங்க,” என்றாள் கயல்விழி.

காத்தான் சொல்லி இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்து ஊர்க்காரனை முந்துவதற்காக, கோயம்புத்தூரில் யாரிடமோ காட்டி டர்போ அழுத்தத்தை ஏற்றி வைத்திருந்தார். அழுத்தம் ஏறினால் பிளக் முனைகளுக்கு நடுவே பொறி தாண்டுவது கடினம். பிளக்குகளோ பழையவை, இடைவெளி அகன்றவை. ஊற்றிய புண்ணியமும் ஏற்றிய வீம்பும் சேர்ந்து காயிலைக் கொன்றிருந்தன.

தஞ்சாவூர்க் கடையிலிருந்து வலுவான காயில் நான்கும், சூடு தாங்கும் பிளக் நான்கும் பஸ்ஸில் வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. குழிகளைக் காற்றடித்துக் காய வைத்தாள். ஒவ்வொரு பிளக்கின் இடைவெளியையும் தகடு வைத்து அளந்து குறுக்கி மாட்டினாள். மறுபடி கல்லணை ரோடு. அடிவரை மிதித்தாலும் விக்கல் இல்லை.

திரும்பி வந்தபோது ரெங்கசாமியின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். கயல்விழி பானையில் மொண்டு, தான் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரையே நீட்டினாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கிவிட்டார். வாயருகே கொண்டுபோகவில்லை.

“பேப்பர் கப் இல்லையா?”

“எங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்லீங்க.”

டம்ளர் அவர் கையில் அப்படியே நின்றது.

“வேணாம்னா கீழ ஊத்திடுங்க,” என்றாள் கயல்விழி, சாவியைக் காத்தானிடம் கொடுத்துக்கொண்டே. “இன்ஜின்ல மட்டும் ஊத்திடாதீங்க.”