இரண்டாவது கோல் கீப்பர்

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவின் மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குப் பக்கத்திலிருந்த ஒரு வெயார்ஹவுசில் வேலை செய்தேன். கார் உதிரிப்பாகங்களைப் பெட்டியில் அடுக்கி லொறியில் ஏற்றுகிற வேலை. அங்கே எனக்குக் கிடைத்த நல்ல விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு ஜேர்மன்காரர்.

கனடாவுக்கு வருமுன் நான் நாலு வருடம் ஜேர்மனியில் அகதியாக இருந்தவன். அந்தப் பாஷையை அப்படியொரு வெறியோடு படித்தேன். ரொறன்ரோ வந்து இறங்கியதும் அது சதத்துக்கும் உதவவில்லை. இங்கே ஆங்கிலம் பேசத் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றபோது, உள்ளே ஒரு முழு ஜேர்மன் அகராதி சும்மா கிடந்தது. ஒருநாள் பாரம் தூக்குகிற வண்டி இடையில் நின்றுவிட, அதை ஓட்டிய உயரமான மனிதர் ஜேர்மன் மொழியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பழக்கதோஷத்தில் நானும் அதே மொழியில் அதைவிடக் கெட்டதாக ஒன்று சொன்னேன். அவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கே மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிட்டோம்.

அவர் கல்லு மாதிரி ஒரு கறுப்பு ரொட்டி, எங்கள் பேச்சில் பாண், கொண்டுவருவார். நான் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுபோவேன். ஒரு கிழமைக்குள் புட்டு அவர் பக்கமும் பாண் என் பக்கமும் போய்விட்டது. இதில் எனக்குத்தான் நட்டம் என்று இன்றைக்கும் சொல்லுவேன். ஜேர்மன் மொழியில் நாங்கள் ஒருவரை ஒருவர் நீ என்றுதான் அழைத்தோம். தமிழில் எழுத வரும்போது மட்டும் கை ‘அவர்’ என்றே எழுதுகிறது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அது ஒரு காரணம்.

அப்போது ரொறன்ரோவிலிருந்த எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கத்தின் உதைபந்தாட்ட அணிக்கு நான்தான் கோல் கீப்பர். அந்தப் பெருமையை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு தோடம்பழத்தை வைத்துக்கொண்டு, நான் எப்படிப் பாய்ந்து பிடிப்பேன் என்று அவருக்கு விளக்கிக் காட்டினேன். கதிரையிலிருந்து பாய்ந்தும் காட்டினேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “நானும் கோல் கீப்பர்தான்” என்றார். “எந்த ஊருக்கு?” என்று கேட்டேன். எங்கள் ஆட்களிடம் கேட்கிற பழக்கத்தில் கேட்டது. “தொழிலே அதுதான். சம்பளத்துக்கு விளையாடினேன்” என்றார். நான் மெதுவாக எழும்பித் தோடம்பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டேன். வேறென்ன செய்கிறது?

அதற்குப் பிறகு அவருடைய கதை, மத்தியானத்துக்குக் கொஞ்சமாக வெளியே வந்தது. இருபது வயதில் தொழிலுக்கு வந்தவர். மூன்று கழகங்களில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறார். மூன்றிலும் இரண்டாவது கோல் கீப்பர். மற்ற இடங்களில் விளையாடுகிறவர்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். கோல் கீப்பரை மாற்ற மாட்டார்கள். முதலாமவனுக்குக் காலோ கையோ முறியவேண்டும், இல்லையென்றால் சிவப்பு அட்டை கிடைக்கவேண்டும். இவருடைய அதிர்ஷ்டத்துக்கு, மூன்று கழகத்து முதலாமவர்களும் இரும்பு உடம்புக்காரர்கள். ஒருத்தனுக்குத் தும்மல் தடிமன்கூட வந்ததில்லையாம். ஆட்டத்துக்கு முன்னால் முதலாமவனுக்குப் பந்து அடித்து அவனைச் சூடாக்குவது இவருடைய வேலை. அது முடிந்ததும் நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருப்பார். மழையிலும் இருப்பார், பனியிலும் இருப்பார். “வாங்குதான் தேய்ந்தது, நான் தேயவில்லை” என்று சிரிப்பார்.

ஒரேயொரு தடவை முதலாமவன் விழுந்து கிடந்தான். இவர் கோட்டைக் கழற்றிவிட்டு மைதானத்தின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பயிற்சியாளர் இவருடைய தோளில் கையும் வைத்துவிட்டார். அவன் எழும்பிவிட்டான்.

“அப்போது என்ன செய்தாய்?” என்று கேட்டேன்.

“கைதட்டினேன். கட்டாயம் தட்டவேண்டும். அந்த நேரம் கமரா இரண்டாமவனைத்தான் பார்க்கும்.”

கடைசியில் ரொறன்ரோவில் ஒரு சின்னக் கழகம், முதலாவது கோல் கீப்பராகவே எடுக்கிறோம், வா என்று கூப்பிட்டிருக்கிறது. இவர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவதற்குள் அந்தக் கழகம் படுத்துவிட்டது. அதோடு வெயார்ஹவுஸ். பயிற்சி ஆட்டங்களில் நின்றிருக்கிறார், அதெல்லாம் கணக்கில் இல்லை. வெற்றி தோல்வி என்று எழுதப்படுகிற ஒரு ஆட்டத்தில், சனம் பார்த்துக்கொண்டு நிற்க, கோலுக்குள் ஒரே ஒரு தடவை நிற்கவேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. முழங்காலும் சொல்வழி கேட்பதில்லை. அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குப் பெட்டி அடுக்க மனமில்லாமல் போனது.

கோடையில் மோர்னிங்சைட் பக்கம் ஒரு பார்க்கில் எங்கள் ஊர்ச் சங்கங்களுக்கு இடையே போட்டி நடக்கும். யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களாக இருந்து பகைத்தவர்கள், கனடாவில் பக்கத்துப் பக்கத்து அப்பார்ட்மென்ட்களில் இருந்துகொண்டு அந்தப் பகையைப் பழுதாகாமல் பார்த்துக்கொள்வதற்கு அது நல்ல ஏற்பாடு. பின்னேரங்களில் எங்கள் பயிற்சிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குப் பந்து அடித்துத் தருவார். அந்த அடியில் என் விரல்கள் வீங்கின, ஆட்டமும் ஏறியது. எங்கள் பெடியள் அவரை ஜேர்மன் அண்ணை என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

போட்டிக்கு முன்னால் அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்னறையில் சங்கக் கூட்டம் நடந்தது. அவரைக் கோலுக்கு விடுவோம், நான் பின்வரிசையில் விளையாடுகிறேன் என்று சொன்னேன். எங்கள் செயலாளர் அண்ணை ஒரு மீன் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, உவர் எந்த ஊர்?”

“ஜேர்மனி.”

“அது எங்களுக்கும் தெரியும். போட்டி விதி என்ன? எங்கட ஊரில பிறந்திருக்கோணும், இல்லாட்டி எங்கட ஊரில பெண் எடுத்திருக்கோணும். உவர் கலியாணம் முடிச்சவரோ?”

“முடிச்சு, பிரிஞ்சும் போச்சு.”

பின்னாலிருந்து யாரோ, “அப்ப எங்கட ஊரில ஒண்டைப் பாப்பமே?” என்றார்கள். அறை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிட்டது.

“நான் உவற்ற நாட்டில நாலு வருசம் விளையாடினனான். ஆரும் என்னை நீ எந்த ஊர் எண்டு கேக்கேல்லை!” என்று கத்தினேன்.

இது சுத்தப் பொய். அங்கே என்னைப் பார்த்தவன் எல்லாம் முதலில் கேட்டதே அதைத்தான். கோபம் வந்தால் எனக்கு வாயில் வருவதுதான் சரித்திரம். ஆனாலும் கூட்டம் கொஞ்சம் அடங்கியது. செயலாளர் அண்ணை ரோல்ஸைக் கடித்து முடித்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

“சரி, சத்தம் போடாதை. மற்ற ஊர்க்காரர் கதைக்காத மாதிரி ஒண்டு செய்வம். இரண்டாவது கோல் கீப்பர் எண்டு போடுவம். உனக்கு ஏலாமல் போனால் மட்டும் அவர் இறங்கட்டும். உனக்கு என்ன வரப்போகுது, நீ எருமை மாதிரி இருக்கிறாய்.”

மற்றச் சங்கங்களும் மறுக்கவில்லை. எங்கள் போட்டிகளில் இரண்டாவது கோல் கீப்பர் என்பவர் தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறவர். அதற்கு யார் வந்தால் என்ன?

அடுத்த நாள் வேலையில் அவரிடம் இதைச் சொன்னேன். ஒரு பெட்டியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். “இங்கேயுமா? இவ்வளவு தூரம் வந்தும் இரண்டாவதா?” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போட்டி நாளில், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் எனக்குப் பந்து அடித்தார். நான் கோலுக்குப் போனதும் குளிர்பானப் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த வெயிலிலும் நீளக்கைச் சட்டையின் பொத்தான் எல்லாம் பூட்டியிருந்தது. ஒவ்வொரு தடவை நான் பந்தைப் பிடித்தபோதும் கைதட்டினார். கமரா ஒன்றும் இல்லை, அவரைப் பார்ப்பாரும் இல்லை. அந்தக் கைதட்டல் என்னைப் போட்டு வதைத்தது. இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். இரண்டாவது பாதி, இரு பக்கமும் கோல் இல்லை. உயரமாக வந்த ஒரு பந்தைப் பிடித்துக்கொண்டு நான் விழுந்தேன். விழுந்தவன் எழும்பவில்லை.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஐயோ அம்மா என்று உருண்டேன். அவர் ஓடிவந்து குந்தினார்.

“எந்தக் கால்?”

“இடது.”

“பிடித்துக்கொண்டிருப்பது வலது.”

நான் மெதுவாகக் கையை மாற்றினேன்.

“ஒருத்தன் விழமாட்டானா, விழமாட்டானா என்று என் இளமை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்” என்றார். “உண்மையாக விழுவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எழும்பு.”

“மாட்டேன். இருட்டும்வரைக்கும் இப்படியே கிடப்பேன். கோலை வெறுமையாக விட்டு விளையாடட்டும்.”

மத்தியஸ்தர் விசில் ஊதினார். செயலாளர் அண்ணை கோட்டுக்கு வெளியே நின்று தலையில் கைவைத்துக் குளறினார். அப்போதுதான் ஜேர்மன்காரரின் கைகளைக் கவனித்தேன். கையுறைகளைப் போட்டுக்கொண்டேதான் ஓடிவந்திருந்தார்.

இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் கோலுக்குள் போய் நின்றார். முதலில் மேல் கம்பத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு இரண்டு பக்கக் கம்பங்களையும் தொட்டார். மாட்டைத் தடவுகிற மாதிரித் தடவினார். வந்த முதல் அடியை ஒற்றைக் கையால் தட்டி வெளியே விட்டார். இரண்டாவதற்கு அவர் பாய்ந்த பாய்ச்சல் இருக்கிறதே, எங்கள் பக்கத்தில் மோர் கொடுத்துக்கொண்டிருந்த அன்ரிமார் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். “ஜேர்மன்! ஜேர்மன்!” என்று பார்க் அதிர்ந்தது. பின்வரிசையைப் பார்த்து அவர் ஜேர்மன் மொழியில் கத்த, நான் வெளியே நொண்டுவதையும் மறந்து ஓடி ஓடி அதைத் தமிழில் கத்தினேன். அந்தப் பதினைந்து நிமிடம் நான் சந்தோசமாக இருந்த அளவுக்கு, நான் பிடித்த எந்தப் பந்துக்கும் இருந்ததில்லை.

ஆட்டம் முடியப்போகிற நேரம் ஒரு பந்து வந்தது. சும்மா உருண்டு வந்த பந்து. ஒரு மேட்டில் பட்டு இலேசாகத் துள்ளி, அவருடைய இரண்டு காலுக்கும் நடுவால் உள்ளே போய்விட்டது. விசில் ஊதினார்கள். கிண்ணம் போய்விட்டது.

எங்கள் சனம் சும்மா விடுமா? குளிர்பானப் பெட்டியை உதைத்தார்கள், தொப்பியை எறிந்தார்கள். “காலை ஒடுக்கத் தெரியாதோ? கோல் கீப்பரோ, கோவில் வாசலோ?” “உருண்டு வந்ததை விட்டிட்டான், பாவி!” செயலாளர் அண்ணைதான் எல்லாருக்கும் மேலே. அவருடைய ஏச்சில் பாதியை எழுத முடியாது. நான் ஜேர்மன்காரரிடம் ஓடினேன். கம்பத்தில் சாய்ந்து புல்லில் இருந்தார். நான்தான் இந்த மனிதனை இதற்குள் இழுத்துவிட்டேன்.

“என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்டார்.

“ஒன்றுமில்லை. பரவாயில்லையாம்.”

“பொய் சொல்லாதே. அப்படியே சொல்லு.”

சொன்னேன். கோவில் வாசலையும் சொன்னேன். பாவியையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டார். முகம் மலர்ந்துகொண்டு வந்தது.

“எனக்கு ஒருநாளும் யாரும் ஏசியதில்லை” என்றார். “ஏச்செல்லாம் முதலாமவனுக்குத்தான் போகும். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இன்னும் என்ன சொல்கிறார்கள்?”

அந்த நேரம் வென்ற ஊர்க்காரர் ஒருவர் எங்கள் பக்கம் வந்து, “வெள்ளைக்காரனைக் கொண்டுவந்தும் காலுக்குள்ளால விட்டிட்டியள்!” என்று சிரித்தார்.

செயலாளர் அண்ணை ஏச்சை அப்படியே நிறுத்திவிட்டு அந்த ஆள் பக்கம் திரும்பினார்.

“வாயைப் பொத்தும்! உவர் எங்கட கோல் கீப்பர். நாங்கள் ஏசுவம், அடிப்பம். நீர் ஆர் கதைக்க?”

“இப்போது என்ன சொன்னார்?” என்று ஜேர்மன்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“‘இவர் எங்களுடைய கோல் கீப்பர்’ என்றார்” என்று சொன்னேன். அடுத்த வசனத்துக்குப் போக முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இரண்டாவது என்று சொல்லவில்லையா?”

“இல்லை” என்றேன். “சொல்லவில்லை.”