வயிற்றில் வைத்த போன்

என் மனைவி குவைத்துக்குப் போனபோது, எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே டொக்டரும் விமானம் ஏறிவிட்டாள். படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். ஆனால் மகளுக்கு வந்திருப்பது சளி இருமலோடு வரும் தடிமன் காய்ச்சலா, வயிற்றில் வந்த கோளாறா என்று அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பிள்ளையின் சட்டையை விலக்கி வயிற்றில் காதை வைப்பாள். என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லி ஒரு விரலைத் தூக்குவாள்.

"என்ன, றேடியோ கேக்கிறீரோ?" என்று நான் சீண்டுவேன்.

"ஓம், செய்தி போகுது. கதையாதேங்கோ."

அங்கே அவள் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த அம்மா மதியம் கண்ணயரும் நேரத்தில்தான் போன் எடுக்க முடியும். எங்களுக்கு அப்போது இரண்டரை மணி. நான் இறங்குதுறைப் பக்கம் ஓட்டோ ஓட்டுகிறவன். எந்தச் சவாரி வந்தாலும் இரண்டரைக்கு மகளோடு வீட்டில் இருப்பேன். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மிச்ச நாள் முழுவதும் ஓடுகிறது. அவள் வர இன்னும் ஏழு மாதம் இருந்தது.

போன மாரியில் மகளின் வகுப்பில் பாதிப்பேருக்குத் தடிமன். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு ஏற்றப் போனேன். எங்கள் ஊரில் தெருவெல்லாம் மான் திரியும். வாசலில் நிற்கும் மான்களை எண்ணாமல் அவள் ஓட்டோவில் ஏறுவதேயில்லை. அன்று எண்ணவில்லை, ஏறிச் சாய்ந்துவிட்டாள். நெற்றியைத் தொட்டேன், கொஞ்சம் சூடு.

"தலை இடிக்குதோ?"

"ஓம்."

"உடம்பு நோகுதோ?"

"ஓம்."

நான் கேட்ட கேள்விக்கு வேறு என்ன பதில் வரும்? வால் நோகுதோ என்று கேட்டிருந்தாலும் ஓம் என்றிருப்பாள்.

வழியில் மருந்துக்கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "இப்ப எல்லாருக்கும் வைரஸ்தான்" என்றார். எனக்கு அது போதும். கொரோனாக் காலத்துக்குப் பிறகு வைரஸ் என்றால் எனக்கு மூக்கு, தொண்டை, இருமல். அது வயிற்றுக்குள்ளும் குடியிருக்கும் என்று என் மண்டையில் ஏறவேயில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பனடோல் கொடுத்தேன். கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்தேன். உடம்பில் தெம்பு வேண்டுமே என்று மீன் சொதியோடு சோற்றைக் குழைத்து ஊட்டினேன். என் முகத்துக்குப் பயந்து நாலு வாய் விழுங்கினாள். ஐந்து நிமிடத்தில் அவ்வளவும் நான் உடுத்திருந்த சாரத்தில்.

சொதி வாசம் பிரட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கொத்தமல்லியைக் கொடுத்தேன். அதுவும் வந்தது. பிறகு வயிற்றாலேயும் போகத் தொடங்கியது. தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

அவளிடம் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். முன்பொரு தடவை பிள்ளை விழுந்து முழங்கால் உரஞ்சியதற்கே இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள். ஆனால் மகள் போனைப் பறித்து ஸ்பீக்கரைப் போட்டு "அம்மா" என்றாள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

"பிள்ளைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. சின்னத் தடிமன் காய்ச்சல்" என்றேன்.

"மூக்கு ஓடுதோ? இருமலோ?"

"இல்லை."

"முதல் வந்தது எது? காய்ச்சலோ, சத்தியோ?"

பிள்ளை வாந்தி எடுத்தது பற்றி நான் வாயே திறக்கவில்லை. மகளே சொன்னாள். காலையில் இடைவேளைக்கே பள்ளிக்கூடத்துச் சாக்கடைக் கானுக்குள் சத்தி எடுத்திருக்கிறாள்.

"அப்பாட்டைச் சொல்லேல்லையோ, குஞ்சு?"

"அப்பா வயித்தைப் பற்றிக் கேக்கேல்லை."

உண்மைதான். தலையைக் கேட்டேன், உடம்பைக் கேட்டேன், வயிற்றை மட்டும் கேட்கவில்லை.

"போனைப் பிள்ளையின்ரை வயித்திலை வையுங்கோ" என்றாள் மனைவி.

வைத்தேன். காற்றாடியை நிறுத்தினேன். மகளின் வயிறு கடமுடா என்று உருண்டது எனக்கே கேட்டது. அதில் எவ்வளவு கடல் தாண்டி அவளிடம் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. "கேக்குதோ?" என்றேன். கொஞ்சம் கழித்து வந்த குரல் மூக்கடைத்துப்போயிருந்தது.

"இது வயித்து வைரஸ், தடிமன் காய்ச்சல் இல்லை. சோறு திணிக்காதேங்கோ. ஜீவனி உப்புத்தூளைத் தண்ணியிலை கரைச்சு, ஒவ்வொரு கரண்டியா விட்டு விட்டுக் குடுங்கோ. மூத்திரம் போகுதோ எண்டு பாருங்கோ. போகாட்டி உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

பக்கத்தில் இருந்து கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். பொழுதுபடும் நேரம் மகள் மூத்திரம் போனாள். லொத்தர்ச் சீட்டு விழுந்தவன் மாதிரிக் கத்தினேன். அடுத்த நாள் பசிக்குது என்று பாண் கேட்டாள்.

யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. முதல் வந்தது சத்தி, மூக்கும் ஓடவில்லை, இருமலும் இல்லை என்றபோதே அவளுக்கு நோய் தெரிந்துவிட்டது. வயிற்றில் போனை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. அவளுக்குப் பிள்ளையின் வயிற்றைக் கேட்க ஆசையாக இருந்திருக்கிறது. அதை நினைத்து அன்றைக்குக் குசினி அடுப்படியில் நின்று அழுதேன்.

பத்து நாள் கழித்து எனக்கு வந்தது. மூதூர்ப் படகில் வந்திறங்கிய யாரோ பின் சீற்றில் இருந்து இருமித் தந்துவிட்டுப் போனது. அடித்துப் போட்டது போல உடம்பு, தொண்டை நோ, இருமல். இது என்னவென்று எனக்கே தெரிந்தது. இரண்டரைக்கு அவள் கேட்டாள்:

"முதல் வந்தது எது?"

"காய்ச்சல். பிறகு உடம்பு நோ. பிறகு இருமல்."

"வயிறு?"

"அது நல்லா இருக்கு."

"அப்ப தடிமன் காய்ச்சல்தான். நல்லாத் தண்ணி குடிச்சிட்டுப் படுங்கோ. இங்கை அம்மா எழும்பப் போறா, போனை வைக்கட்டே?"

"எதுக்கும் ஒருக்கால் வயித்தைக் கேட்டுப் பாரும்" என்றேன்.

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் சேர்ட்டை விலக்கிப் போனை வயிற்றில் வைத்தேன். மகள் ஓடிப்போய்க் காற்றாடியை நிறுத்திவிட்டு, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் காவல் காத்தாள்.

"ஒண்டும் கேக்கேல்லையப்பா" என்று வயிற்றிலிருந்து அவள் குரல் வந்தது.

"வடிவாக் கேளும்" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் கேளும்."