சத்தமாகச் சொல்லாமல் விட்ட ஒரே முடிவு

இம்மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது. ரத்தத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜில் எட்டு ரத்த மாதிரிக் குழாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மதுரையிலிருந்து டாக்டர் வசுமதியின் அக்கா போனில் அழைத்தார்.

"தம்பி, வசு போயிட்டா. பொட்டாசியம் ஏறி ஹார்ட் நின்னுருச்சாம். ரெண்டு கிட்னியும் எப்பவோ கெட்டுப்போச்சுங்கிறாங்க. கூடவே இருந்த பிள்ளை, ஒனக்குமா தெரியாது?"

தெரியாது. ராமநாதபுரத்தில் அவருடைய சிறுநீரகப் பிரிவில், வருடக்கணக்காக ரத்தம் பரிசோதிக்கும் டெக்னீஷியன் நான். எனக்குத் தெரியாது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். உத்தரகோசமங்கைப் பக்கம் மிளகாய் விவசாயம் பார்த்த குடும்பம். சென்னையில் சிறுநீரக மருத்துவம் படித்து, அங்கே கிடைத்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தார். ஒரு கேள்விதான் அவரை இழுத்து வந்தது. சர்க்கரையும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. சீமைக்கருவேலம் வெட்டி, மண் மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிற ஆட்களுக்கு ஏன் சிறுநீரகம் கெடுகிறது? வெயில், போதாத தண்ணீர், சாயங்காலம் பெட்டிக்கடையில் டீயோடு போடும் மேல்வலி மாத்திரை. மூன்றின் மேலும் அவருக்குச் சந்தேகம். மூட்டம் மூட்டமாக நடந்து ரத்தம் எடுத்தோம்.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. யாருடைய பரிசோதனை முடிவையும் தனியாகச் சொல்ல மாட்டார். வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். சத்தமாகச் சொல்வார். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"ஒத்தையில சொன்னா மறைச்சுப்புடுவாங்க தம்பி. பொண்டாட்டி காதுல விழுந்தாத்தான் மாத்திரை நிக்கும்" என்பார்.

மூட்டம் போடும் காளிமுத்து அண்ணனுக்கும் அப்படித்தான் சொன்னார். அண்ணன் நெளிந்தார்.

"எம் பொஞ்சாதி முன்னாடி வேணாம் டாக்டரம்மா. சோறு போட மாட்டா."

"போடுவா, உப்பில்லாம. பேசாமத் தின்னுங்க."

அன்றோடு அண்ணன் மாத்திரையை விட்டார். கூட வேலை பார்த்தவர்களையும் விட வைத்தார்.

போன வருடத்திலிருந்து டாக்டரே அவ்வப்போது ஒரு ரத்த மாதிரிக் குழாயைக் கொண்டுவந்து தருவார். பெயர் இருக்காது. "தெரிஞ்ச டீச்சர். பேரு வேணாம்னாங்க." ஒவ்வொரு தடவையும், சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருக்கும். எனக்குப் பொறுமை கிடையாது.

"மேடம், இந்தம்மாவோட வீட்டு ஆளு எங்க? யாருக்கும் சொல்லலையா?"

"சொல்லிப் பாத்துட்டேன்."

"இங்கன கூட்டிட்டு வாங்க. நறுக்குன்னு நாலு வார்த்தை நான் கேக்குறேன்."

சிரித்தார். "கேட்டா கேக்குற சென்மமா அது? நீ மெஷினப் பாருலே."

அந்த டீச்சர் அவர்தான். அக்கா பேசி முடித்தபோது புரிந்தது. முட்டிவலிக்குப் பல வருடமாக அவர் போட்டுவந்த மாத்திரை அட்டைகள் கைப்பையில் கிடந்தனவாம். பெட்டிக்கடையில் விற்கும் அதே மாத்திரை. அந்த முட்டியோடா இவ்வளவு தூரம் நடந்தார் என்று எல்லோரும் உருகுகிறார்கள். எனக்கு உருக்கம் வரவில்லை. என் கையாலேயே பரிசோதிக்க வைத்து, என் முகத்துக்கு நேராகவே பொய் சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கட்டிப்போட்டாவது டயாலிசிஸ் செய்ய வைத்திருப்பேன்.

வெளியூரிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர்களிடம், "ரத்தத்த வாங்கிட்டுப் பதில் சொல்லாமப் போறவன் திருடன்" என்று சண்டை போட்டவர் அவர். ரத்தத்தைக் கொடுத்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனவரை என்னவென்று சொல்வது, மேடம்?

அஞ்சலிப் பலகையில் 'உடல்நலக் குறைவால்' என்று போட்டால் போதும் என்றார் எங்கள் மூத்த மருத்துவர். "போனவங்க பேரு கெட வேணாம் தம்பி." பலகையும் அப்படியே நின்றது. ஆனால் கைப்பையில் கிடந்த மாத்திரையைப் பற்றி இழவு வீட்டில் கேட்டவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காளிமுத்து அண்ணனைப் பெட்டிக்கடையில் பார்த்தேன். ஒரு கையில் டீ, மறு கையில் மாத்திரை.

"டாக்டரம்மாவே தின்னுருக்காகளாம்ல. அப்ப ஒண்ணும் செய்யாதுன்னுதானப்பா அர்த்தம்?"

"தின்னுதாண்ணே கிட்னி போச்சு. அதுலதான் செத்தாங்க."

"நெசமாவா? ஒடம்புக்கு முடியலன்னுல்ல போர்டுல போட்ருக்காக. ஆரும் சொல்லலையே."

மாத்திரையை அவர் வாயில் போடவும் இல்லை, கீழே போடவும் இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். டீ ஆறிப்போனது.

இனி நான் செய்யப்போவது:

1. வரும் வெள்ளிக்கிழமை காலை, வேலை தொடங்கும் முன், காளிமுத்து அண்ணனின் மூட்டத்தில் டாக்டர் வசுமதியின் முடிவைச் சத்தமாகச் சொல்வேன். கிரியேட்டினின், பொட்டாசியம், மாத்திரையின் பெயர், எல்லாமே. வீட்டு ஆளாகப் பக்கத்தில் நிற்க அக்கா வருகிறார்.

2. காளிமுத்து அண்ணன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை நகர மாட்டேன்.

3. மூத்த மருத்துவர் கோபப்பட்டால், படட்டும். அடுத்த நாள் மிச்சமுள்ள மூட்டங்களுக்கு ரத்தம் எடுக்கக் கிளம்புவேன்.

4. பெயர் எழுதாத குழாயை இனி தொட மாட்டேன். நீங்களே கொண்டுவந்து நீட்டினாலும் தொட மாட்டேன், மேடம். போய் வாருங்கள்.