அண்ணா பரிசாக வைத்த கிண்ணம்

எங்கள் அண்ணா எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை வீட்டார் தங்கையான என் தலையில் கட்டிவிட்டார்கள். "உனக்குத்தானே வாய் ஓயாது" என்றார் அண்ணி. பெரிய படிப்புப் படித்தவள் அல்ல நான். கதைக்கிற மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடமராட்சிக் கடலோரத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராக அண்ணா பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா இளவயதிலேயே காலமாக, படிப்பைப் பாதியில் விட்டு எங்களைக் கரையேற்றினார். அவருக்கென்று இருந்த ஒரே ஆசை உதைபந்து. பக்கத்து ஊரை வென்று எங்கள் ஊர்க் கழகம் எடுத்த வெள்ளிக் கிண்ணம், அணித்தலைவரான அவரிடமே இருந்தது. இடம்பெயர்ந்தபோது உடுப்புகளை விட்டார், அதை விடவில்லை. அன்று அவரோடு விளையாடியவர்களில் பாதிப்பேரைப் போர் கொண்டுபோய்விட்டது. டெக்சாஸுக்கு வந்து இர்விங்கில் சிறிய அப்பார்ட்மென்டில் இருந்த காலத்திலும் கிண்ணம் சாமித்தட்டில்தான் இருந்தது.

"பிள்ளையாருக்கே இடம் காணாது, இதுக்கு மட்டும் இடமோ?" என்று அண்ணி ஏசுவார்.

"பிள்ளையார் நல்லவர், தள்ளி இருப்பார்" என்பார் அண்ணா.

சில ஆண்டுகளுக்கு முன் ஊர் மைதானத்தில் இறுதியாட்டம் நடந்துகொண்டிருந்தபோது பார்வையாளர் மேடை இடிந்து விழுந்தது. எங்கள் ஊர்ச் சனமும் பக்கத்து ஊர்ச் சனமும் அதன் கீழ் அகப்பட்டன; பலர் இறந்துபோனார்கள். அந்தக் குடும்பங்களுக்கு உதவ, இங்குள்ள ஊர்ச்சங்கங்கள் சேர்ந்து ஒரு சுற்றுப்போட்டி வைத்தன. அண்ணா தன் கிண்ணத்தையே பரிசாக வைத்தார்.

"தோத்தா என்னண்ணா செய்யிறது?" என்று கேட்டேன்.

"போகும். போனா நோகிற சாமானை வைச்சாத்தான் சனம் உயிரைக் குடுத்து விளையாடும்."

இறுதியாட்டத்துக்கு வந்தவை எங்கள் ஊரும் பக்கத்து ஊரும். அன்று காலை அவர்களின் பொறுப்பாளர் ராசன் அண்ணை, அண்ணாவின் பழைய எதிரி, கார் நிறுத்துமிடத்தில் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். ஐஸ் பெட்டியோடு நான் பக்கத்தில் நின்றேன்.

"மச்சான், பொடியளுக்குச் சொல்லிப்போட்டன். ஒரு கோலை விட்டுத்தருவாங்கள். உன்ர கப் உன்னோடயே இருக்கட்டும்."

அண்ணாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "செத்த சனத்தின்ர பேரைச் சொல்லிக் கூட்டின கூட்டமடா இது. அதுகளின்ர பேரில கள்ள விளையாட்டோ? ஒழுங்கா விளையாடு, இல்லாட்டி இப்பவே வீட்ட போ."

"விளையாடினா நீ தோப்பாய், கிழவா!"

"அதைக் கிரவுண்டில காட்டு."

காட்டினார்கள். ஆட்டம் முடியும் நேரத்தில், கோல் காத்துநின்ற அண்ணாவின் மகனைத் தாண்டிப் பந்து வலைக்குள் போனது. "சாரி அப்பா" என்று வந்த பிள்ளையை அணைத்து, "நல்ல கோலடா அது. ஆர் நிண்டாலும் போயிருக்கும்" என்றார். சட்டை நுனியால் கிண்ணத்தை ஒருமுறை துடைத்து ராசன் அண்ணையின் கையில் கொடுத்தார். "பிள்ளையாருக்கு இப்ப வசதி" என்று வீட்டில் பகிடியும் விட்டார். ஆனால் அன்று சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த மனசு நொந்ததை நான் பார்த்தேன்.

போட்டி ஆண்டுதோறும் தொடர்ந்தது. கிண்ணம் எங்களிடம் திரும்பவேயில்லை.

அண்ணா நோயில் படுத்தபோது ராசன் அண்ணை அதைத் துவாய்த் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். "வைச்சிரு மச்சான், ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை."

அண்ணா கைப்பிடியைத் தடவினார். "உன்ர மனுசி நல்லா மினுக்கிறா போல. எங்கட வீட்டில கறுத்துப்போய்க் கிடந்தது" என்றார். மூச்சு வாங்கிவிட்டு, "கொண்டு போடா. எங்கட பொடியள் வந்து வென்றெடுப்பாங்கள்" என்றார்.

அழுதாலும் பிள்ளையை அவள்தான் பெற வேண்டும் என்பார்களே, அண்ணாவின் வாழ்க்கை முழுக்க அதுதான்; பிறர் விட்டுத்தந்து எதையும் எடுக்கமாட்டார்.

அவரைப் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், வேலைக்கு லீவு போட்டு எங்களை ஏற்றி இறக்கிய நண்பர்கள், முப்பத்தொன்றாம் நாள் காரியம் வரை எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்கள், பெட்டிக்கு முன்வரிசையில் தோள் கொடுத்த ராசன் அண்ணை, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒரு வேண்டுகோள். வரும் சனிக்கிழமை இறுதியாட்டம். மறுபடியும் அதே இரண்டு ஊர்கள். "அண்ணையின்ர ஆண்டுத் திவசம், இந்தமுறை விட்டுக்குடுப்பம்" என்று பக்கத்து ஊர்ப் பொடியள் கதைப்பது என் காதில் விழுந்தது. தம்பிமாரே, உங்கள் அன்புக்குக் கைகூப்புகிறோம். தயவுசெய்து ஒரு கோலும் விட்டுத்தர வேண்டாம். அண்ணி பிள்ளையாரைக் கொஞ்சம் தள்ளித்தான் வைத்திருக்கிறார். அந்த இடம் நிரம்பாவிட்டால், அடுத்த வருடமும் விளையாட வருவோம்.

— தங்கை