நுரை நிற்கும் நேரம்

பேச வாயைத் திறப்பதற்கு முன் லியாவ் பின்-ருய் இடது கன்னத்தருகே விரலைக் கொண்டுபோய், அங்கே இல்லாத ஒரு மைக்கைச் சற்றுக் கீழே இறக்கிவிடுகிறான். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'இருக்கேன் சார்' என்று சொல்வதற்கும் இதே ஏற்பாடுதான். சனி, ஞாயிறுகளில் அந்த மைக் உண்மையாகவே அங்கே இருக்கும். சிலுவோ என்ற ஊரின் பழைய பாலத்துக்குப் போகும் சாலையில், அவன் அம்மாவின் சோயா சாஸ் கடைக்கு முன்னால் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும் நாட்கள் அவை. அம்மாவுக்குத் தொண்டை கட்டினால் மைக் மகனுக்கு வரும். அம்மாவுக்கு அடிக்கடி தொண்டை கட்டும்.

வயது பதினான்கு. உடம்பு ஒல்லி, காதுகள் மட்டும் தாராளம். கணக்கில் சுமார், அறிவியலில் சுமாருக்கும் ஒரு படி கீழே. ஆனால் பேச்சு என்று வந்தால் பள்ளியில் அவனுக்கு நிகரில்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வாளியில் பாகற்காய் அப்படியே மிஞ்சிவிட்டது. அதன் அருமை பெருமைகளை இவன் எடுத்துச் சொன்னதைக் கேட்டு, வகுப்பில் பாதிப் பேர் இரண்டாம் முறை தட்டை நீட்டினார்கள். அவன் மட்டும் தொடவில்லை. அவனுக்குப் பாகற்காய் ஆகாது.

இப்பேர்ப்பட்டவன் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் போனதற்குக் காரணம் செங் யீ-ஆன் என்ற வகுப்புத் தோழி. யீ-ஆனுக்கு எதையும் அளந்து பார்க்க வேண்டும், யாரிடமும் பேசக் கூடாது. முந்தைய ஆண்டு தனியாகப் போனவள், நடுவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விளக்கப் பலகையைப் பார்த்தபடியே தன் ஆய்வு முழுவதையும் ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிட்டாள். நடுவர்களுக்கு விளங்கியது அவள் பின்னலின் நீளம் மட்டும்தான். இந்த ஆண்டு அறிவியல் ஆசிரியர் கோ முன்னெச்சரிக்கையாகப் பின்-ருய்யைக் கூப்பிட்டு அனுப்பினார். "யீ-ஆன்கிட்ட மூளை இருக்கு, வாய் இல்லை. உன்கிட்ட…" என்று ஆரம்பித்தவர், ஆசிரியர் என்ற முறையில் அதோடு நிறுத்திக்கொண்டார்.

தலைப்பைக் கொண்டுவந்தது வாய்தான். அந்த மாவட்டத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி அது: பாட்டிலைக் குலுக்கினால் சாஸின் யோக்கியதை தெரிந்துவிடும். மண் தாழியில் மாதக்கணக்கில் வெயில் குடித்த சாஸ் என்றால் நுரை பொடியாக எழும்பி நெடுநேரம் நிற்கும். ஆலையில் அவசரமாகச் செய்தது என்றால் சட்டென்று அடங்கிவிடும். பின்-ருய்யின் அம்மா யுவே-சின் இந்த ஒரு வித்தையில்தான் கடையை நிறுத்தியிருக்கிறாள். ஒரு கையில் தன் பாட்டில், மறு கையில் மலிவான ஆலைப் பாட்டில், இரண்டையும் தோளிலிருந்து குலுக்கி மேசைமேல் டக்கென்று வைப்பாள். "பாருங்க, நம்ம நுரை நகருதா? அந்தப் பக்கம் பாருங்க, மாமியார் தலை தெரிஞ்ச மருமக மாதிரி எங்க போச்சுன்னே தெரியல." பேருந்து வழிகாட்டிகளுக்கு அவள் பெயரே 'நுரை அக்கா'.

இதை அறிவியல் முறையில் நிரூபித்துவிடலாம் என்பது பின்-ருய்யின் யோசனை. அளந்து பார்க்கலாம் என்பது யீ-ஆனின் யோசனை. இரண்டும் ஒன்றுதான் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யீ-ஆன் கடைக்கு வந்து ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். பேருந்துகள் வந்தன, போயின. பலகாரம் கொடுத்ததைத் தின்றாள், தேநீர் கொடுத்ததைக் குடித்தாள், வாய் திறக்கவில்லை. கிளம்பும்போது கேட்டாள்:

"உங்க பாட்டில் மட்டும் ஏன் ஆன்ட்டி ஐஸ் பெட்டியில இருக்கு?"

"கையில சில்லுனு இருந்தா வாங்கத் தோணும் பாப்பா."

"அந்த மட்டமான பாட்டில் ஏன் வெயில்ல இருக்கு?"

"அதுக்கு எதுக்கு மரியாதை?"

ஆய்வு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்று சொல்லலாம். மீதி மாதங்களெல்லாம் அதை உறுதிசெய்யப் போயின. முதலில் குலுக்கும் பொறுப்பு பின்-ருய்யிடம் இருந்தது, பரம்பரைக் கை என்பதால். கொஞ்ச நாளில் யீ-ஆன் அதைப் பிடுங்கிக்கொண்டாள். "உங்க வீட்டு பாட்டில்னா ஆசையா குலுக்கற. மத்ததை ஏதோ கடன்காரனைத் தள்ளிவிடற மாதிரி குலுக்கற" என்றாள். பழைய மின்விசிறியின் மோட்டாரில் பாட்டிலைக் கட்டி, அது குலுக்கும்படி செய்தாள். அன்று முழுவதும் பின்-ருய் அந்த மோட்டாரோடு பேசவில்லை.

மோட்டார் சொன்னது இதுதான். அதே சாஸ், அதே பாட்டில், குளிர்ந்திருந்தால் நுரை நிற்கிறது, வெயிலில் சுட்டிருந்தால் படுத்துவிடுகிறது. இரண்டு சாஸையும் ஒரே சூட்டில் வைத்துக் குலுக்கினால் ஒரு நாள் அம்மாவின் நுரை முந்துகிறது, இன்னொரு நாள் ஆலை நுரை முந்துகிறது. நம்பி ஒன்றும் சொல்வதற்கில்லை. இத்தனைக்கும் அம்மாவின் சாஸ் அசல் தாழிச் சாஸ்தான். அதில் கலப்படம் இல்லை, ஏமாற்று இல்லை. சரக்கு உண்மை, சாட்சிதான் பொய். இதைவிடச் சரக்கு பொய்யாகவும் சாட்சி உண்மையாகவும் இருந்திருந்தால் அவனுக்குச் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

ஏனென்றால் அம்மாவிடம் அவன் பாதியைத்தான் சொல்லியிருந்தான். "நுரையைப் பத்திதாம்மா ஆராய்ச்சி" என்றான். மறு பாதியை அவளே நிரப்பிக்கொண்டாள். வருகிற வழிகாட்டிகளிடமெல்லாம், மாவட்டக் கண்காட்சியிலேயே நம் நுரையை நிரூபிக்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டாள். கடை வாசலுக்கு மேலே மாட்ட ஒரு பெரிய தட்டிக்கு ஆளும் பார்த்துவிட்டாள்: 'எங்கள் நுரை நிற்கும் – அறிவியலே சாட்சி.' எழுத்து சிவப்பிலா தங்க நிறத்திலா என்பது மட்டும்தான் பாக்கி. எவரையும் எதையும் வாங்க வைக்கிற பையன், தன் அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் ஒவ்வொரு ராத்திரியும் பல் தேய்த்துவிட்டுப் படுத்தான்.

கண்காட்சி நாளில் தோலியு நகரத்துப் பள்ளியொன்றின் உள்விளையாட்டு அரங்கில் மேசைகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. மாவட்டத்து நடுவர்கள் பாரபட்சம் காட்டிவிடக் கூடாது என்பதற்காக அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. மாணவர் பெயரோ பள்ளியின் பெயரோ எங்கும் தெரியக் கூடாது. சீருடை கூடாது. பலகையில் ஒட்டிய படங்களில் முகம் இருந்தால் அதன்மேல் ஒரு வட்டத்தாளை ஒட்ட வேண்டும். பின்-ருய் நல்ல சட்டை என்று நினைத்துப் போட்டு வந்ததில், முதுகு முழுக்க அம்மா கடையின் பெயர். கோ சார் தலையில் கை வைத்துக்கொண்டு, அதைக் கழற்றி உள்புறம் வெளியே வரும்படி போடச் சொன்னார். அன்று நாள் முழுவதும் தையலும் துணிக்கடைச் சீட்டும் வெளியே தெரிய நின்றுகொண்டு அவன் அறிவியல் பேசினான்.

பேச்சு வெண்ணெய் மாதிரி போனது. நடுவர்கள் மூவர். மாமியார் நகைச்சுவையை யீ-ஆன் வெட்டச் சொல்லியிருந்தாள். அவன் வெட்டவில்லை. மூவரில் இருவர் சிரித்தார்கள். மூன்றாமவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த ஓர் அம்மாள். அவர் சிரிக்காமல் கேட்டார்: சூட்டை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது?

இந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் தயாராக இருந்தது. 'இதற்கு முன் வெளிவந்த ஆய்வுகளை ஆழ்ந்து படித்தபோது' என்று தொடங்கும் பதில், அவனே எழுதியது, கேட்பவர் எழுந்து நின்று கைதட்டிவிடுவார். விரல் கன்னத்துக்குப் போயிற்று. பக்கத்தில் யீ-ஆன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் படிக்காத ஆய்வுகள் ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஒரு கடையில பார்த்தோம்" என்றான். "யார் கடைன்னு சொல்லக் கூடாது, விதி. நல்ல பாட்டில் ஐஸ்ல இருந்துச்சு. மட்டமானது வெயில்ல இருந்துச்சு. அந்தக் கடைக்காரம்மா ஏமாத்தலைங்க. அவங்களுக்கே தெரியாது. சாஸ் நல்ல சாஸ்தான். குலுக்கறதுதான் எதுக்கும் சாட்சி ஆகாது."

"அவங்ககிட்ட சொல்லியாச்சா?"

"இன்னும் இல்லைங்க."

அதற்குப் பிறகு பலகையில் ஒரு படத்தைக் காட்டச் சொன்னார் அந்த அம்மாள். அவன் திரும்பினான். மெல்லிய சட்டையின் முதுகில், கண்ணாடியில் தெரிவதுபோல, கடையின் பெயர் இடம் வலமாக மாறித் தெளிவாகத் தெரிந்தது. நடுவர் அதைப் படிக்காதவரைப்போலப் படித்தார். "சீக்கிரம் சொல்லிடுங்க. நாங்களும் எங்கேயாவது வாங்கித்தானே சமைக்கணும்" என்றார். மீதிக் கேள்விகளை யீ-ஆனிடம் கேட்டார்கள். அவள் இந்த முறை அவர்கள் பக்கம் திரும்பி நின்று, முழுசாகவே பதில் சொன்னாள். பின்-ருய் ஒரு வார்த்தை குறுக்கே விடவில்லை. அவனுக்கு அப்போது வேறு கவலை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரங்கைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். யுவே-சின் முதல் ஆளாக வந்தாள். கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு, கல்யாணத்துக்கென்று வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கோ சாருக்குக் கொடுக்க ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்திருந்தாள். பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். மேலே கொட்டை எழுத்தில் 'குலுக்கினால் தெரியுமா?' என்றிருந்தது. அதைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். அப்புறம் உதடு அசைய, ஒரு வரி விடாமல் கீழே வரைக்கும் படித்துக்கொண்டே போனாள். போகப் போகச் சிரிப்பு குறைந்தது.

"அம்மா, இரு, நான் விளக்கிச் சொல்றேன்" என்றான் பின்-ருய்.

"நீ பேசாத. உன் பேச்சு என்கிட்டேருந்து வந்தது. அது என்னென்ன பண்ணும்னு எனக்குத் தெரியும்." யீ-ஆன் பக்கம் திரும்பினாள். "பாப்பா, நீ சொல்லு."

"ரெண்டும் ஒரே சூட்டுல இருந்தா, குலுக்கிக் கண்டுபிடிக்க முடியாது ஆன்ட்டி."

"அப்போ என் சாஸும் அந்தத் தண்ணியும் ஒண்ணா?"

"இல்லை. உங்களோடது நல்லா இருக்கு. நான் சாப்பிட்டுப் பார்த்தேன்." யீ-ஆன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தாள்: "அதை நாங்க அளக்கல."

யுவே-சின் கொய்யாப் பையைக் கீழே வைத்தாள். "இத்தனை வருஷமும் நான் ஐஸைக் காட்டியா வியாபாரம் பண்ணியிருக்கேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு மகனைப் பார்த்தாள். "உனக்கு எப்போ தெரியும்?"

"வெயில் காலத்துலேருந்து."

"வாய் கிழியப் பேசறவன், இதைச் சொல்லல."

"தட்டிக்கு ஆள் பார்த்துட்டேன்னு சொன்னியே."

"தங்க நிறம்னு முடிவே பண்ணிட்டேன்டா" என்றாள் அம்மா. குரலில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. வியாபாரி மகனுக்கு அது கொஞ்சம் அவமானம்தான்.

ஆனால் பலகையில் எழுதியிருப்பதை நம்பிப் பொருள் வாங்குகிறவள் இல்லை யுவே-சின். மேசைமேல் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு மூடிய பாட்டில்களையும் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் அரங்கின் சூட்டிலேயே இருந்தன, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. அவற்றைக் கைக்கு ஒன்றாக எடுத்து, சட்டையின் தையல் இழுபடத் தோளிலிருந்து குலுக்கினாள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து மேசைகளில் நின்றவர்கள் திரும்பினார்கள். யாரோ 'நுரை அக்கா' என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்வது கேட்டது. ஒரு சின்னக் கூட்டம் கூடிவிட்டது. அவள் இரண்டையும் டக்கென்று மேசைமேல் வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள். கூட்டமும் அவனைப் பார்த்தது. வழக்கமாகப் பேச்சு தொடங்குகிற இடம் அது.

பின்-ருய் மேசையில் இருந்த ஸ்டாப்வாட்சை எடுத்து அழுத்தி, அதை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து அவள் விரல்களை மூடினான். பிறகு முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து, வாயை மூடிக்கொண்டு, இரண்டு நுரைகளின் விளிம்புக்கும் நேராகக் கண்ணைக் கொண்டுவந்தான்.