நர்சம்மாவுக்கு எட்டாத சைக்கிள்

சைக்கிள் கடையில் சக்கரத்தை அளப்பார்கள், ஃபிரேமை அளப்பார்கள். ஏறி உட்காரப்போகிற ஆளை மட்டும் யாரும் அளப்பதில்லை. அதனால் அநியாயத்துக்கு ஆளானவள் தங்கமணி. மோகனூர்ப் பக்கம் நாலைந்து கிராமங்களுக்கு அவள்தான் நர்ஸ். அவள் வேலைக்கென்று வாங்கிய வண்டியை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் தலையில் கட்டினார்கள். கட்டியது எங்கள் கடை.

நான் சேலத்தில் எம்.ஏ. படிக்கிறேன். லீவு விட்டால் நாமக்கல்லில் சித்தப்பாவின் சைக்கிள் கடையில் உட்காருவேன். வியாபாரத்தைவிட நான் செய்கிற வாதம்தான் அதிகம் என்பது சித்தப்பாவின் குறை. சைக்கிள் மிதித்து வலிக்கிற முழங்காலைத் தடவிக்கொண்டே இதைப் படிக்கிறவர்களே, நீங்களாவது என் கட்சியில் இருங்கள்.

ஊட்டு வண்டி

தங்கமணியின் கணவர் நல்லசாமி தனியாகத்தான் வந்தார். இருப்பதிலேயே உயரமான இருபத்திநாலு இன்ச் வண்டியைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றார். ஓட்டப்போவது யார் என்று கேட்டேன். சம்சாரம் என்றார். சேலை கட்டினவள் சீட்டுக்கு முன்னால் குறுக்கே போகிற அந்தப் பாரைத் தாண்டி எப்படிக் காலைப் போடுவாள்? கூட்டி வாருங்கள், நிற்கவைத்துப் பார்க்கலாம் என்றேன். அதற்குள் சித்தப்பா வண்டியைத் துடைத்து வெளியே நிறுத்திவிட்டார். நல்லசாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஓட்டறது அவதானுங்க. ஆனா வண்டி ஊட்டுக்கில்லீங்களா? நானு, என்ற தம்பி, எங்கய்யன் எல்லாரும் ஏறோணுமில்ல!"

பால் கேனுக்கு மரியாதை

பக்கத்துக் கிராமத்துப் பால்காரர் ஒருவர் காலி கேன்களோடு வந்தார். ஒவ்வொரு வண்டியிலும் ஹேண்டில் பாரில் கேனை மாட்டி, பின்னால் கேரியரில் கட்டி, உருட்டிப் பார்த்தார். கேன் மட்கார்டில் இடிக்கிறதா, ஆடுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். ஜவுளிக் கடையில் மணமகளுக்குக்கூட அத்தனை பார்ப்பதில்லை. கடைசியில் அவர் எடுத்த வண்டியில் பெடல் கீழே போனால் அவருடைய கால் அந்தரத்தில் தொங்கியது. பாலுக்கு இருக்கிற உடம்பு இந்த மனிதருக்கு இல்லையா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. சொல்லியும் விட்டேன்.

"நா எப்படியாச்சும் ஓட்டிக்குவனுங்க. பாலு நிம்மதியாப் போவோணுமில்ல?"

ஆறடி மனிதரும் தாழ்ந்த சீட்டும்

எல்லாரும் உயரத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஆறடி உயரத்தில் ஒருவர், இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை அடி மட்டத்துக்கு இறக்கச் சொன்னார். ஓட்டினால் முழங்கால் நெஞ்சில் வந்து முட்டியது. பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும், லேசாக மடங்கினால் போதும், இல்லாவிட்டால் மூட்டு தேய்ந்துபோகும் என்று அரை மணி நேரம் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"சீட்டை ஏத்துனா மாமனார் ஊட்டு வாசல்ல எறங்கறப்ப தடுமாறுவனுங்க. முட்டி வலிச்சா அது எனக்கு மட்டுந்தானுங்களே தெரியும்?"

தள்ளிக்கொண்டு வந்தவள்

அடுத்த லீவில் தங்கமணியே வந்தாள். ஏறி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தாள். கெண்டைக்காலில் கட்டு. பின்னால் நல்லசாமி. ஏறப்போய் விழுந்தபிறகு, மருந்துப் பையை வண்டியில் மாட்டிக் கிராமம் கிராமமாகத் தள்ளியே நடந்திருக்கிறாள். பிரசவ வீட்டுக்கு நேரத்தில் வரவில்லையென்று புகார் போய்விட்டது. இன்னொரு புகார் வந்தால் வேலை இருக்காது என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம்.

வண்டியை மாற்றித் தரக் கேட்டாள். பழகினால் சரியாகிவிடும் என்றார் நல்லசாமி. விற்றதைத் திருப்பி எடுக்கிற வழக்கமில்லை என்றார் சித்தப்பா. செருப்புக் கடையில்கூடக் காலைக் காட்டச் சொல்கிறான், நாம் கேட்டோமா என்று நான் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா அவள் கெண்டைக்காலில் இருந்த கட்டைப் பார்த்தார். "உன்ற வாய்க்குப் பயந்து கடையையே மாத்தோணும் போல" என்று முணுமுணுத்தபடி உள்ளேயிருந்து லேடீஸ் வண்டியை உருட்டி வந்தார்.

சீட்டை அவள் இடுப்புக்குச் சரியாக வைத்தோம். ஏறினாள். குனியாமலே கை ஹேண்டில் பாருக்கு எட்டியது, கால் இதமாக நீண்டது. பயிற்சிக் காலத்தில் ஓட்டியது மறக்கவில்லை. கடை முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பார் இல்லாத இந்த வண்டியில் நீங்களும் போகலாமே என்று நல்லசாமியிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"லேடீஸ் வண்டீலயா? ஊரே சிரிக்காதுங்களா?"

நம் பக்கத்தில் சைக்கிளை ஊராரின் கண்ணுக்குத்தான் அளவெடுக்கிறார்கள் என்று அலுத்து நின்ற எனக்கும் சேர்த்து, வண்டியை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு தங்கமணி பதில் சொன்னாள்:

"நா வுழுந்து எந்திரிச்சப்ப என்னையப் பாத்துச் சிரிச்ச ஊருதானுங்க மாமா. கொஞ்ச நாளைக்கு உங்களையும் பாத்துச் சிரிச்சுட்டுப் போவட்டும்."